பட்டியலின் அடியில் இருப்பவர்கள்

கடந்த மாதம் ஒரு நாள் இரவு இலண்டனிலிருந்து நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். முன்னொரு காலத்தில் எமது பத்திரிகையில் ஒப்புநோக்குநராக இருந்தவர். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நாட்டைவிட்டுச் சென்றவர். இப்போது வடபகுதிக் கல்லூரியொன்றின் பழைய மாணவர் சங்கத்துக்கு அங்கே செயலாளராக இருக்கிறார். நலம் விசாரிக்கவும் இல்லை. "அண்ணை, அவ செத்துப்போனா. வீட்டைப் பூனையளுக்கு எழுதிப்போட்டா" என்றார்.

பூனைகள் என்று அவர் குறிப்பிட்டது, கைவிடப்பட்ட பூனைகளைப் பராமரிக்கும் ஆங்கிலேய அறநிலையம் ஒன்றை. அந்த அம்மையாரை நான் கண்டதில்லை. நண்பர் சொன்னவற்றிலிருந்து அறிந்தவை இவ்வளவுதான். எழுபதுகளின் தொடக்கத்தில் தாதிப் பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றவர். மணம் செய்யவில்லை. முப்பதாண்டுகளுக்கு மேல் மருத்துவமனைகளில் பணியாற்றி ஓய்வுபெற்றார். புறநகர் ஒன்றில் சிறியதொரு வீடு. சங்கத்தின் புலமைப்பரிசில் நிதிக்கு மாதந்தோறும் பத்துப் பவுண், வங்கிக்குக் கொடுத்த நிலையான கட்டளை மூலம் போய்க்கொண்டிருந்தது. இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு மாதமும் தவறவில்லை. இறப்பதற்கு ஈராண்டுகளுக்கு முன்னர் அது நின்றது. ஏன் நின்றது என்று சங்கத்தில் எவரும் கேட்கவில்லை. "நன்கொடை நிறுத்தியோர்" என்ற பகுதிக்கு அவருடைய பெயர் நகர்த்தப்பட்டது, அவ்வளவே. அவர் முதியோர் இல்லத்துக்குச் சென்றிருந்தார் என்பது இப்போதுதான் தெரியவந்ததாம்.

பூனை அறநிலையமோ ஆண்டுதோறும் நத்தாருக்கு அவருக்குக் கடிதம் எழுதியது. அவருடைய பணத்தில் வளர்ந்த பூனையின் படத்தை அனுப்பியது. ஒருமுறை தேநீர் விருந்துக்கு அழைத்தது. மரணசாதனத்தில் தம்மையும் நினைவுகூரலாம் என்று ஒரேயொரு தடவை சிறு பிரசுரமொன்றை அனுப்பியது. இவையெல்லாம் அவருடைய அயல்வீட்டுக்காரப் பெண் மரணச்சடங்கில் சொன்ன செய்திகள்.

"எங்கடை பிள்ளையளை விடப் பூனை பெரிசாய்ப் போச்சோ?" என்று நண்பர் ஆற்றாமையோடு கேட்டார். அந்த ஆற்றாமை எனக்கு விளங்கியது. ஆனால் அந்த அம்மையார்மீது எனக்குக் கோபம் வரவில்லை.

இருபத்திரண்டு ஆண்டுகளில் அவர் கொடுத்த தொகை 2,640 பவுண். சங்கத்தின் வருடாந்த இராப்போசன விருந்தில் ஒரு வைத்தியரோ வர்த்தகரோ ஒரே இரவில் எழுதிக்கொடுத்துவிட்டுப் போகக்கூடிய தொகை அது. எம்மவரின் சங்கங்கள் பெரும்பாலும் தமது கொடையாளர் பட்டியலைத் தொகையின்படியே அடுக்குகின்றன. மேலே இருப்பவருக்கு முன்வரிசை மேசை, பொன்னாடை, ஆண்டுமலரில் முழுப்பக்கம். அடியில் இருப்பவருக்கு ஒன்றுமில்லை. அடுத்த ஆண்டுக்கான பணத்தைத் திரட்டுவதற்கு இம்முறை தவறானதன்று. வங்கிக் கணக்கில் உள்ளதிலிருந்து கேட்கும்போது நிறைய வைத்திருப்பவரிடம்தான் முதலில் கேட்க வேண்டும்.

ஆனால் ஒருவர் தமது வாழ்நாளின் முடிவில் விட்டுச்செல்லும் கொடை வேறு வகையானது. அமெரிக்காவில் இதற்குத் திட்டமிட்ட கொடை என்று பெயர். மரணசாதனத்தில், அதாவது தமிழகத்தார் உயில் என்று சொல்லும் ஆவணத்தில், ஒரு பங்கை எழுதிவைப்பது இதில் முதன்மையானது. ஆயுட்காப்புறுதியிலோ ஓய்வூதிய நிதியிலோ ஓர் அறநிலையத்தைப் பயன்பெறுநராகக் குறிப்பிடுவதும் இதற்குள் அடங்கும். பிரித்தானியாவில் கடலில் தத்தளிப்போரைக் காக்கும் உயிர்காப்புப் படகுச் சேவையின் வருமானத்தில் பாதிக்கு மேற்பட்டது மரணசாதனக் கொடைகளிலிருந்தே கிடைக்கிறது. புற்றுநோய் ஆராய்ச்சிக்கான அந்நாட்டின் மிகப்பெரிய அறநிலையம், தனது பணியில் மூன்றிலொரு பங்குக்கு மேல் இவ்வாறு இறந்தோர் விட்டுச்சென்ற பணத்தில் நடப்பதாகக் கூறுகிறது. வாழும் செல்வந்தர்களை மாத்திரம் நம்பியிருந்தால் இந்நிறுவனங்கள் இன்றிருக்கும் அளவில் இருந்திரா.

இத்தகைய கொடையை யார் விட்டுச்செல்வார் என்பதை முன்கூட்டியே அறிய இயலுமா? டெக்சாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரசல் ஜேம்ஸ் பல ஆண்டுகளாக இதனை ஆராய்ந்து வருபவர். அவருடைய முடிவுகளுள் முதன்மையானது செல்வம் பற்றியதன்று, பிள்ளைகள் பற்றியது. ஐம்பது வயதைக் கடந்து, தொடர்ந்து நன்கொடை கொடுத்து, மரணசாதனமும் எழுதிவைத்திருக்கும் அமெரிக்கரை எடுத்துக்கொண்டால், பிள்ளைகள் இல்லாதோரில் ஏறத்தாழ இருவருக்கு ஒருவர் அதில் ஓர் அறநிலையத்தைச் சேர்த்திருந்தனர். பேரப்பிள்ளைகள் உள்ளோரில் பத்துப் பேருக்கு ஒருவரளவே சேர்த்திருந்தனர். செல்வமோ கல்வியோ இவ்வளவு பெரிய வேறுபாட்டைக் காட்டவில்லை. அவர் சொல்லும் இன்னொன்றும் எமது சங்கங்கள் கவனிக்கவேண்டியது. மரணசாதனங்கள் வாழ்வின் இறுதிச் சில ஆண்டுகளில் மாற்றி எழுதப்படுகின்றன. அறுபது வயதில் எழுதியதை எண்பதில் திருத்துகிறார்கள். வருமானம் குறைந்து மாதாந்த நன்கொடையை நிறுத்தும் காலமும் அதுவே. ஆகவே "நன்கொடை நிறுத்தியோர்" என்று நாம் ஒதுக்கிவைக்கும் பகுதியில்தான், மிகப்பெரிய கொடையைக் கொடுக்கப் பேனாவைக் கையில் எடுத்திருப்பவர் இருக்கக்கூடும்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் நண்பரிடம் அவர்களுடைய பட்டியலைக் கேட்டேன். பெயர், முகவரி எல்லாவற்றையும் அழித்துவிட்டு இலக்கங்களை மாத்திரம் அனுப்பும்படி சொன்னேன். பிறர் கொடையின் விபரம் என் கணினிக்கு வருவது முறையன்று. நானூறுக்குக் கிட்ட வரிகள் வந்தன. தொகைப்படி அடுக்கப்பட்டிருந்த அதனை ஆண்டுப்படி மாற்றி அடுக்கினேன். எவர் எத்தனை ஆண்டுகள் விடாது கொடுத்தார் என்பதே ஒழுங்கு. பட்டியல் தலைகீழானது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இடையறாது கொடுத்தவர்கள் முப்பதுக்குச் சற்று மேற்பட்டோர். அவர்களில் அநேகர் பழைய அடுக்கில் கடைசிப் பக்கங்களில் கிடந்தனர்.

அவர்களுள் எவரை முதலில் அணுகுவது? பத்திரிகைக்காரனின் புத்தியில் பட்டதைச் சொன்னேன். முதலில் கொடுத்த ஆண்டுகளின் தொடர்ச்சியைப் பாருங்கள். அடுத்து, தாய் தந்தையர் நினைவாகவோ படிப்பித்த ஆசிரியர் நினைவாகவோ கொடுப்பவர் யார் என்று பாருங்கள். ஒருவருடைய வாழ்க்கைக் கதையில் உங்கள் கல்லூரி ஒரு பகுதியாக இருக்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். கடிதம் எழுதிக் கேள்வி கேட்டவர், கணக்கறிக்கையில் பிழை கண்டு சுட்டிக்காட்டியவர் இருந்தால் அவரையும் மேலே கொண்டுவாருங்கள். (இத்தகையோரை எமது நிர்வாகிகள் குழப்பவாதிகள் என்பர். அக்கறை இல்லாதவன் கணக்கறிக்கையை வாசிப்பதே இல்லை.) பிறகு வயது, பிறகு பிள்ளைகள் இல்லாமை. வீடு வாசல், சொத்து என்பவை கடைசியில் வரட்டும். ஏனெனில் நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் இலண்டனிலோ ரொறன்ரோவிலோ சிட்னியிலோ ஒரு சாதாரண வீட்டை வாங்கிக் கடனைக் கட்டிமுடித்த தாதியும் தபாற்கந்தோர் எழுதுவினைஞரும் இன்று தம்மையறியாமலே சொத்துக்காரர்கள்.

இங்கே எம்மவருக்கு ஓர் அவசரம் உண்டு. எழுபதுகளிலும், 1983 ஜூலைக்குப் பின்னரும் சென்ற தலைமுறையினர் இப்போது எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இருக்கின்றனர். கல்லூரி மணியோசையை நேரிற் கேட்ட தலைமுறை அதுவே. அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஊர் ஒரு விடுமுறைப் பயணம், பேரர்களுக்கு ஒரு பெயர். இதைக் குறையாகச் சொல்லவில்லை, இயல்பு அது. இன்னும் பதினைந்து இருபது ஆண்டுகளில் அந்த வீடுகள் எல்லாம் கைமாறிவிடும்.

சட்டத்தின் பக்கமும் சிறிது பார்க்கலாம். இங்கிலாந்தில் தனியொருவர் 500,000 பவுண் பெறுமதியான சொத்தை விட்டு இறக்கிறார், நேரடிச் சந்ததி இல்லை, சகோதரரின் பிள்ளைகளுக்கு எழுதிவைக்கிறார் என்று கொள்வோம். முதல் 325,000 பவுணுக்கு மரணவரி இல்லை. மீதி 175,000 பவுணுக்கு நூற்றுக்கு 40 வீதம், அதாவது 70,000 பவுண் அரசுக்குப் போகும். மருமக்களுக்குக் கிடைப்பது 430,000. அவர் அந்த 175,000இல் பத்திலொரு பங்கான 17,500 பவுணை அறநிலையம் ஒன்றுக்கு எழுதினால், 2012 ஏப்பிரல் முதல் நடைமுறையிலுள்ள சலுகையின்படி மீதிக்கு 36 வீதமே வரி. கணக்குப் பார்த்தால் வரி 56,700 ஆகிறது. மருமக்களுக்கு 425,800 கிடைக்கும். பிள்ளைகளின் படிப்புக்கு 17,500 பவுண் போய்ச்சேர, உறவினர் இழப்பது 4,200 பவுண் மாத்திரமே. இதை எத்தனை சங்கங்கள் தமது உறுப்பினருக்குச் சொல்லியிருக்கின்றன? இன்னுமொன்று. இச்சலுகை இப்போது ஐக்கிய இராச்சியத்து அறநிலையங்களுக்கே உரியது. ஊரிலுள்ள பாடசாலைக்கு நேரடியாக எழுதினால் கிடையாது; அங்கு பதிவுபெற்ற சங்கத்தினூடாக எழுதினால் கிடைக்கும். கனடாவின் சட்டம் வேறு. அங்கும் பதிவுபெற்ற அறநிலையத்துக்கு எழுதிய கொடைக்கு, இறந்த ஆண்டினதும் அதற்கு முந்திய ஆண்டினதும் வருமான வரியில் கணிசமான கழிவு உண்டு. எதையும் எழுதாமல் இறந்தால் சங்கத்துக்கு எதுவுமில்லை. இங்கிலாந்தில் உரிமை கோரச் சட்டப்படியான உறவினர் எவருமில்லையெனில் சொத்து முடிக்குப் போகும்.

இவ்வளவையும் வாசித்துவிட்டு, கிழவர்களின் வீட்டுவாசலில் நிற்கச் சொல்கிறாயா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பட்டியல் என்ற சொல்லுக்கே எம்மிடையே ஒரு துர்வாடை உண்டு. போர்க்காலத்தில், எவருடைய வீட்டில் எத்தனைபேர் உழைக்கிறார்கள் என்ற விபரத்தோடு கதவைத் தட்டிய காலத்தை இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ளோர் மறக்கவில்லை. விரும்பிக் கொடுத்தவரும் இருந்தனர், பயந்து கொடுத்தவரும் இருந்தனர். அந்த நினைவு இருக்கும்வரை, "உங்களைப் பற்றி விசாரித்தோம்" என்று தொடங்கும் எந்தச் சங்கமும் வாசலோடு திரும்பவேண்டியதுதான்.

ஆங்கிலேயருக்கும் இந்தப் பாடம் வலித்தே வந்தது. பிறிஸ்ரல் நகரில் பல்லாண்டுகளாகப் பொப்பி மலர் விற்ற ஒலிவ் குக் என்னும் 92 வயது மூதாட்டி 2015இல் இறந்தபோது, அவருக்கு வந்து குவிந்த நன்கொடைக் கடிதங்கள் நாடெங்கும் பேசப்பட்டன. அவருடைய மரணத்துக்கு அறநிலையங்கள் காரணமல்ல என்று குடும்பத்தினரே கூறினர். எனினும் 99 அறநிலையங்களிடம் அவருடைய விபரங்கள் இருந்ததாகப் பின்னர் விசாரணையில் தெரிந்தது. ஒருவர் கொடுத்ததும் அவருடைய பெயர் கைமாறிக் கைமாறிப் போயிருந்தது. அடுத்த ஆண்டு டிசெம்பரில் அந்நாட்டுத் தகவல் ஆணையாளர், கொடையாளருக்குத் தெரியாமல் அவர்களுடைய செல்வநிலையைத் தனியார் நிறுவனங்களைக்கொண்டு அளவிட்டமைக்காக மிருகவதைத் தடுப்புச் சங்கத்துக்கு 25,000 பவுணும் பிரித்தானிய இதய நிதியத்துக்கு 18,000 பவுணும் தண்டம் விதித்தார். 2017இல் மேலும் 11 அறநிலையங்கள் தண்டம் செலுத்தின. எவர் மரணசாதனத்தில் எழுதக்கூடியவர் என்று இரகசியமாக நிறுத்துப் பார்ப்பதற்கும், இருபது ஆண்டுகள் கொடுத்தவருக்கு நன்றி சொல்வதற்கும் இடையில் கோடு எங்கே இருக்கிறது என்பதை நிர்வாகிகள் அறிந்திருக்க வேண்டும். என் அளவுகோல் ஒன்றே. பட்டியலில் அவருடைய பெயருக்கு நேரே நீங்கள் எழுதிவைத்த குறிப்பை அவரிடமே வாசித்துக்காட்ட உங்களால் முடியுமா?

மரணசாதனத்தை எழுதிக்கொடுப்பதற்கும் சாட்சி வைப்பதற்கும் சங்கத்தார் முன்வரவே கூடாது. அதற்கு அவருடைய சொந்தச் சட்டத்தரணி இருக்கிறார். இலங்கையில் எழுதுவதானால் 1840ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் கேட்பது ஒரு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும். நொத்தாரிசு இல்லையேல் ஐந்து சாட்சிகள். கேட்பதோடு சங்கத்தின் வேலை முடிந்துவிடுகிறது. அந்தக் கேள்வியும் வீணானதன்று. 2013இல் வெளியான ஒரு பிரித்தானியப் பரிசோதனையில், மரணசாதனம் எழுத வந்தோரிடம் எதுவும் கேட்காதபோது நூற்றுக்கு ஐந்துபேர் அறநிலையத்துக்கு எழுதினர். விருப்பமா என்று கேட்டபோது பத்துப்பேர். உங்கள் மனத்துக்கு நெருக்கமான அறப்பணி ஏதும் உண்டா என்று கேட்டபோது பதினைந்துபேர்.

சாவைப் பற்றிக் கேட்பது அபசகுனம் என்பார் சிலர். எமது பாட்டன்மார் அப்படி எண்ணியதாகத் தெரியவில்லை. யாழ்ப்பாணத்தில் பிள்ளையில்லாதோர் வயற்காணியைக் கோயிலுக்கும் மடத்துக்கும் தருமசாதனமாக எழுதிவைத்த உறுதிகள் பழைய நொத்தாரிசுமாரின் பெட்டிகளில் இருந்தன. எனது பாட்டியின் தமக்கை ஒருவர், பங்குனி உத்தரத்துக்கு ஒரு வேளை அன்னதானம் என்று இரண்டு பரப்புக் காணியை எழுதிவைத்துவிட்டு, அதற்குப் பின்னரும் பதினெட்டு ஆண்டுகள் திடகாத்திரமாக வாழ்ந்து அந்த அன்னதானத்தைத் தாமே மேற்பார்வை செய்தார். சாம்பாருக்கு உப்புக் காணாது என்று தருமகர்த்தாவோடு சண்டையும் பிடித்தார்.

எழுதிவைத்தால் மாத்திரம் போதாது என்பதற்கும் எம்மிடம் பழைய கதை உண்டு. சென்னையின் துபாஷியாகப் பொருளீட்டிய பச்சையப்ப முதலியார் 1794இல் மரணசாதனம் எழுதிவைத்து இறந்தார். கோயில்களுக்கும் தருமங்களுக்கும் அவர் எழுதிய பெரும்பொருள் ஆண்டுக்கணக்கில் வழக்கிற் கிடந்தது. சென்னையின் அந்நாளைய சுப்ரீம் கோட் தலையிட்டதன் பின்னரே ஒழுங்குக்கு வந்தது. வட்டியோடு பெருகிய மிகுதிப் பணத்தில் 1842இல் பாடசாலை திறக்கப்பட்டது. அதுவே பின்னர் பச்சையப்பன் கல்லூரியாயிற்று. எழுதியவரின் விருப்பத்தை நிறைவேற்ற ஒழுங்கான பொறுப்பாளர் இல்லாததால் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் போயின.

எம்முடைய சங்கங்களில் எத்தனைக்கு ஐம்பது ஆண்டுகள் நிலைக்கும் அமைப்பு இருக்கிறது? கணக்காய்வு செய்த அறிக்கை, மூன்றாண்டுக்கொருமுறை மாறும் நிர்வாகம், சங்கமே கலைந்தால் பணம் எங்கே போகும் என்ற விதி. இவை இல்லாத சங்கம் எவரையும் மரணசாதனத்தில் எழுதச் சொல்லக்கூடாது என்பதே என் கருத்து. உயிரோடிருக்கும் கொடையாளர் ஏமாந்தால் மறுமாதம் நிறுத்திக்கொள்வார். இறந்தவரால் எதுவும் செய்யமுடியாது.

நண்பர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு அந்த முப்பது சொச்சப் பேருக்கும் தம் கையாலேயே கடிதம் எழுதினார். மரணசாதனம் என்ற சொல் அதில் இல்லை. நீங்கள் இத்தனை ஆண்டுகளாகக் கொடுக்கிறீர்கள், அதில் படித்த பிள்ளைகள் இன்னின்ன துறையில் இருக்கிறார்கள், இவ்வளவு காலமும் எழுதாமைக்கு மன்னியுங்கள் என்ற அளவே. நான் அனுப்பிய வரைவைவிட அவர் எழுதியது நன்றாக இருந்தது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அழைத்தார். கடிதம் கிடைத்த முதியவர் ஒருவர், எண்பதைத் தாண்டியவர், தொலைபேசியில் பேசினாராம். "தம்பி, பத்தொன்பது வருசமாய்க் காசு அனுப்புறன். இண்டைக்குத்தான் என்ரை பேர் ஆற்றையோ கையெழுத்தில வந்திருக்கு" என்றாராம். ஊர்க்கதை, கல்லூரிக் கதை எல்லாம் பேசி முடித்தபின், வைக்கப்போகும்போது ஒரு கேள்வி கேட்டாராம். "உங்கடை சங்கத்தின்ரை பதிவு இலக்கம் என்ன? லோயர் கேக்கிறார்."

செயலாளருக்கு இலக்கம் நினைவில் இல்லை. முதியவரை இணைப்பில் காத்திருக்க வைத்துவிட்டு, பழைய கோவைகளைக் கிளறித் தேடி எடுக்கப் பத்து நிமிடம் சென்றதாம்.